நீலிச்சுனையில் ஒன்பது நாள்

"அம்மா, எத்திராசு மறுபடியும் நம்ம சுனையில தூண்டில் போட்டுட்டான்."

தையல்நாயகி அம்மா முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. சாமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கெடச்சுது?"

"கெளுத்தி. நான் விட்ட கெளுத்தி. முழங்கை நீளம். என் கண் முன்னாடியே இழுத்துப் போட்டான்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்றார் அம்மா. "பாவம்."

அந்தப் பாவம் யாருக்கு என்று சற்குணத்துக்கு விளங்கவில்லை.

"நீங்க அவனைக் கண்டிக்கணும். இது கொல்லா நோன்பு எடுத்த மடம். இங்க வந்து ஒருத்தன் உயிரை எடுக்கறான்."

"அது வயித்துல என்ன இருந்துது?"

"எதோட வயித்துல?"

"மீனோட."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டு வாங்க."

சற்குணத்துக்கு அறுபத்தொரு வயது. அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. ஆனாலும் குரு அம்மாதான். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டார். நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பார். எறும்பு வரிசை குறுக்கே வந்தால் வரிசை முடியும்வரை நிற்பார்.

சற்குணம் வந்தது வேறு இடத்திலிருந்து. முப்பத்தொரு வருஷம் நகராட்சி ஆட்டுத்தொட்டியில் கால்நடை ஆய்வாளர். விடியுமுன் போவார். உரித்துத் தொங்கவிட்ட ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஈரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நோய் இல்லையென்றால் தொடையில் ஊதா முத்திரை.

ஓய்வு பெற்ற பிறகும் விடியுமுன் விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தால், கத்தாமல் வரிசையில் நின்ற ஆடுகள் ஞாபகத்துக்கு வந்தன. கத்தின ஆடுகளை அவர் மறந்துவிட்டார். கத்தாதவை போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் குன்றடிக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நான் ஒரு கோழியைக்கூடக் கொன்னதில்ல. முத்திரைதான் குத்தினேன்," என்று முடித்தார்.

"இருங்க," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

என்ன செய்வதென்று அம்மா சொல்லாததால் சற்குணமே ஒன்றைக் கண்டுபிடித்தார். சனிக்கிழமை சந்தையில் பிளாஸ்டிக் தொட்டிகளில் பண்ணைக் கெளுத்திகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளியும். வெளிநாட்டு இனம், கறுப்பு, நீள மீசை. வெட்டுக்கத்திக்காகக் காத்திருப்பவை. அவற்றை வாங்கி வந்து மடத்துக்குப் பின்னால் இருக்கும் நீலிச்சுனையில் விட்டார். முதல் மீன் தண்ணீரில் இறங்கி மறைந்தபோது அழுதுவிட்டார்.

அன்று அம்மாவும் கைகூப்பி நின்றார்.

செய்தி பரவியது. டவுனிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உயிர்விடுப்பு என்று பேர் வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் வாளிகள், தொட்டிகள். சற்குணத்தை 'சாமி' என்று கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தச் சாமி மீன் பிடிப்பவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

*

எத்திராசின் குடிசை கீழே ஏரிக்கரையில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க சாமி. திட்டறதுக்கா வந்தீங்க?"

"அந்த மீன் வயித்துல என்ன இருந்துதுன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

எத்திராசு வலையைக் கீழே வைத்தான்.

"அம்மாவே கேட்டாங்களா?"

"ஆமா."

"இன்னும் அறுக்கல. ஒக்காருங்க."

சற்குணம் உட்காரவில்லை. திரும்பி நின்றுகொள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கல்லில் மீனை வைத்து எத்திராசு கத்தியை இழுத்ததும், கண் தானாக உள்ளே போனது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஈரல் நல்ல நிறம். கட்டி இல்லை. புழு இல்லை.

எத்திராசு இரைப்பையைக் கீறினான்.

கட்டைவிரல் நீளத்தில் சின்ன மீன்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. சிலவற்றின் விலாவில் சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. அப்புறம் ஒரு தவளை. அப்புறம் நனைந்த பஞ்சு மாதிரி ஏதோ. எத்திராசு அதை விரலால் பிரித்தான். முக்குளிப்பான் பறவைக் குஞ்சின் கால்.

"இது சுனைக்கெண்டை," என்றான், சின்ன மீனைத் தொட்டு. "இந்த ஏரியில கெடையாது. ஆத்துலயும் கெடையாது. எங்கப்பன் காலத்துலேர்ந்து வலை போடறோம். அந்தச் சுனையத் தவிர வேற எங்கயும் நான் பாத்ததில்ல. காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து பாட்டில்ல புடிச்சினு போச்சு. அதும் அதத்தான் சொல்லிச்சு."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. போன வருசம் மடத்து வாசல்ல வந்து சொன்னேன். கொலைகாரன் பேச்சக் கேக்கமாட்டேன்னு காதப் பொத்திக்கினீங்க."

சற்குணத்துக்கு ஞாபகம் வந்தது.

"உள்ள எத்தனை கெளுத்தி இருக்கும்?"

"யாரு எண்ணினது? சாயங்காலம் கரையில சும்மா ஒக்காருங்க. இதுங்க மூச்சு எடுக்க மேல வரும். நீங்களே எண்ணிப் பாருங்க."

அன்று மாலை அவர் சுனைக்கரையில் உட்கார்ந்தார்.

ளப்.

சற்றுத் தள்ளி, ளப்.

கறுப்பு முதுகுகள் எழுந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கி அமிழ்ந்தன. அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் வந்த முதல் வருஷம் இதே நேரத்தில் தவளைகள் ஆளைப் பேசவிடாமல் கத்தும். போன மழைக்காலத்திலிருந்து கத்தவில்லை. அந்த அமைதி தியானத்துக்கு உகந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

*

காலையில் அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பதினோரு சுனைக்கெண்டை," என்றார் சற்குணம். "ஒரு தவளை. ஒரு குஞ்சு."

"ஒரு வேளைக்கு," என்றார் அம்மா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"குடத்துல தண்ணி மொண்டா, துணியில நாலு பொடி மீனாவது நிக்கும். திரும்பக் கொண்டுபோய் விடுவேன். ரெண்டு மாசமா ஒண்ணுகூட இல்ல. தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்குன்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்."

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்."

அம்மா குப்பையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். தகரம் மாதிரி வெளுத்திருந்தது.

"மூணு வருஷமா கோடைமழை இல்ல. சுனை இடுப்பளவுக்கு வந்துடுச்சு. இப்பல்லாம் மழை வந்தா ஒரே நாள்ல கொட்டிட்டுப் போகுது. கடல்ல ஏதோ சுழல் உருவாகியிருக்குன்னு ரேடியோவுல சொன்னான். சுனை வழிஞ்சா கெளுத்தியெல்லாம் ஓடையில எறங்கிடும்."

ஓடை ஏரிக்குப் போகிறது. ஏரி நிறைந்தால் அடுத்த ஏரி. அதற்கப்பால் ஆறு.

"அதுக்குள்ள இதுங்கள எடுத்துடணும்," என்றார் சற்குணம்.

"எடுத்து?"

"வேற எங்கயாவது விட்டுடலாம்."

"எங்க?"

"பாழுங்கிணறு ஒண்ணு இருக்கே, பம்புசெட்டுக்குப் பக்கத்துல."

"அதுல யார் இருக்கா?"

அவர் யோசித்தார். ஆமை இருந்தது. தண்ணீர்ப்பாம்பு இருந்தது. படியோரம் சின்னச் சின்ன மீன்.

"தொட்டி கட்டலாம் அம்மா. சிமெண்டுத் தொட்டி. நானே பாத்துக்கறேன். சாகறவரைக்கும் வளக்கறேன்."

"என்ன தீனி போடுவீங்க?"

சற்குணத்துக்கு ஆட்டுத்தொட்டி ஞாபகம் வந்தது.

ஆட்டுத்தொட்டியின் பின்வாசலில் தினமும் எட்டு மணிக்கு ஒரு வேன் வரும். குடல், ரத்தம், நுரையீரல் எல்லாவற்றையும் நீல டிரம்மில் அள்ளிப்போவார்கள். எங்கே என்று ஒரு நாள் கேட்டார். மீன் பண்ணைக்கு சார், கெளுத்தி இதைத்தான் நல்லாத் திங்கும் என்றான் டிரைவர்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா எத்திராசைக் கூப்பிடுவோம்," என்றார் கடைசியில். "அவனுக்கு அதுதான் தொழில். நாம சரின்னு சொன்னா போதும். மத்ததை அவன் பாத்துப்பான். நாம பக்கத்துலகூட நிக்க வேண்டியதில்ல."

அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

"முத்திரை குத்தறேங்கறீங்களா?"

சற்குணத்தின் முகம் சிவந்தது. குரு என்பது மறந்துபோயிற்று.

"எதுக்காக இங்க வந்தேன்னு தெரிஞ்சும் இப்படிக் கேக்கறீங்களே! கொலை பண்ணச் சொல்றதுக்கு எனக்கு ஒரு மடம் வேணுமா? அது நான் விட்டுட்டு வந்த எடத்துலயே இருந்துதே!"

அம்மா சாமை அரிசியை எடுத்து உலையில் போட உள்ளே போனார்.

சற்குணம் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

பஸ் நிறுத்தம் ஒரு மைல். வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று சனிக்கிழமை என்பது அவருக்கு நினைவில்லை.

நிறுத்தத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அரிசி ஆலை சம்பந்தம் இறங்கினார். மடத்துக்கு அரிசி கொடுப்பவர். புழுதி என்றும் பாராமல் சற்குணத்தின் காலில் விழுந்தார்.

"சாமி! நல்ல சகுனம், நீங்களே எதிர்ல வந்துட்டீங்க. எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நூறு உயிர் விடறதா வேண்டியிருந்தேன்."

வேனுக்குள் இரண்டு நீல டிரம்கள். விளிம்புக்கு மேல் மீசைகள் அலைந்தன. ஒன்று எம்பி வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு அமிழ்ந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டான்.

"பெரியவரே, ஏறீங்களா?"

சற்குணம் டிரம்மைப் பார்த்தார்.

"ஏறீங்களா, இல்லியா?"

விசில் கேட்டது. பஸ் போய்விட்டது.

"சம்பந்தம்," என்றார். "இதைச் சுனையில கொட்ட வேணாம்."

"ஏன் சாமி?"

சற்குணம் தன் பையை வேனுக்குள் வைத்தார்.

"மடத்துக்கு வாங்க. காட்டறேன்."

*

சுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். எத்திராசு பக்கத்தில். வலையில் ஒரு கெளுத்தி துள்ளியது.

அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துப் பாறையில் வைத்தார். எத்திராசு தன் விரலால் அதன் தலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அம்மாவின் கையில் புளியங்கொம்பு ஒன்று. ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, கண்ணத் தொறந்துக்குங்க," என்றான் எத்திராசு. "தப்பிப்போச்சுன்னா அதுக்குத்தான் வலி."

அம்மா கண்ணைத் திறந்தார். அடித்தார்.

ஒரே அடி.

"ஐயையோ!" என்று கத்தினார் சம்பந்தம்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. கரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வயிற்றில் இருந்த கொஞ்சமும் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு? இவன் ஏதாவது மருந்து வெச்சுட்டானா? சாமி, நீங்க சொல்லுங்க! ஊரைக் கூட்டவா?"

சற்குணத்துக்கு ஒரு சொல் போதும். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். சம்பந்தம் தன் வேனிலேயே அவரைக் கூட்டிப்போய் ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுப்பார். சாமியாகவே இருக்கலாம்.

"நான்தான் விட்டேன்," என்றார் சற்குணம். "தெரியாம விட்டேன். சுனையில இருந்த அத்தனையும் இதுங்க தின்னுடுச்சு."

"அதுக்காக? மடத்துல கொலையா?"

சற்குணம் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். படியில் இறங்கினார். அந்தச் சுனைக்கு ஒரே படிதான், பாறையில் வெட்டியது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"கொம்பை என்கிட்ட குடுங்கம்மா. நீங்க கரைக்குப் போங்க."

"எத்திராசுகிட்ட இன்னொண்ணு இருக்கு," என்றார் அம்மா. "நானும்தான் அன்னிக்குக் கும்பிட்டேன்."

சம்பந்தம் வேனிலிருந்து டிரம்களை இறக்கி மரத்தடியில் தொம்மென்று வைத்தார்.

"இந்தப் பாவத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. இனிமே என் ஆலையிலேர்ந்து ஒரு மணி அரிசி வராது."

வேன் போய்விட்டது.

சற்குணம் கொன்ற முதல் மீன் அந்த டிரம்மில் இருந்த மீன். முதல் அடி மூக்கில் பட்டது. மீன் துடித்தது. இரண்டாவது அடி. மூன்றாவது.

எத்திராசு அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சாமி, பயந்துக்கினே அடிச்சா அது மூணு தரம் சாவுது. ஒரு தரம் சாவட்டும்."

*

எட்டு நாள் அப்படிப் போயிற்று.

விடிந்ததும் இறங்குவார்கள். தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு, வேட்டியை நாலாக மடித்துக் கட்டி அதன் வழியாக வடித்து, பாறைக்குழிகளில் ஊற்றுவார்கள். துணியில் சுனைக்கெண்டை நின்றால் நாவல்மர நிழலில் வைத்த மண்பானைக்குப் போகும். கெளுத்திக் குஞ்சு நின்றால் பானைக்குப் போகாது.

மூன்று நாள் துணியில் ஒரு சுனைக்கெண்டைகூட நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை சற்குணம் கேட்டார். "எல்லாமே போயிடுச்சுன்னா?"

அம்மா துணியைப் பிழிந்தார். "நாளைக்கு வடகோடிக்குப் போவோம். அங்க வேர் அதிகம்."

நான்காம் நாள் வேர்களுக்கு நடுவில் நான்கு இருந்தன. எத்திராசு பானைக்குள் முகத்தை விட்டுப் பார்த்துச் சிரித்தான். ஒரு பெரிய ஆள் அப்படிச் சிரித்து சற்குணம் பார்த்ததில்லை.

செத்த மீன்களை எத்திராசு ஏரிக்கரைக் குடிசைகளுக்குக் கொண்டுபோனான். "குடுக்கலாமாம்மா?" என்று முதல் நாள் கேட்டான். "குடு," என்றார் அம்மா. சற்குணம் காதில் விழாதது போல் இருந்தார்.

அரிசி தீர்ந்தது. சாமைக் கஞ்சி குடித்தார்கள். அம்மா அதையும் பாதியில் வைத்துவிடுவார். யாரோ மடத்துச் சுவரில் கரியால் 'கசாப்புக் கூடம்' என்று எழுதியிருந்தார்கள். சற்குணம் அதை வாசித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார்.

ஒவ்வொரு மீனை அடிக்கும் முன்பும் 'மன்னிச்சுக்கோ' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் மதியம் திடுக்கிட்டு நின்றார். காலையிலிருந்து சொல்லவே இல்லை.

"அம்மா."

"ம்."

"கை பழகிடுச்சு. ஒரே அடியில போயிடுது. மனசுல ஒண்ணுமே ஆகல. எனக்குப் பயமா இருக்கு."

"அந்தப் பயம் இருக்கட்டும்," என்றார் அம்மா. "போகவிடாதீங்க."

கெளுத்தியின் முள் குத்தி சற்குணத்தின் உள்ளங்கை வீங்கியிருந்தது. எத்திராசு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினான். அப்போது மெதுவாகக் கேட்டான்.

"சாமி, நான் தெனமும் கொல்றேனே. என்னை மட்டும் ஏன் நீங்க அம்மாகிட்ட கோள் சொன்னீங்க?"

"உன்னைப் பாத்தா என்னைப் பாக்கற மாதிரி இருந்துது," என்றார் சற்குணம். யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

எட்டாம் நாள் காற்று நின்றுபோயிற்று. தென்கிழக்கில் வானம் கன்றிய காயம் போல் இருந்தது. புயல் கரையைத் தொட்டுவிட்டதாக ரேடியோ சொன்னது.

*

ஒன்பதாம் நாள் சுனையில் முழங்கால் சேறு மட்டும் இருந்தது. ஊற்றுக்கண்ணில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்தது.

"அவ்ளோதான்," என்றான் எத்திராசு. "ஒண்ணு பாக்கி. பெருசு. பாறைப் பொந்துல பூந்துக்கிச்சு. நேத்தே பாத்தேன். என் கை எட்டல."

"தண்ணியே இல்லாம எப்படி உயிரோட இருக்கும்?"

"இதுங்க சேத்துலயே மாசக்கணக்கா கெடக்கும் சாமி. மழை வந்தா எழுந்து வரும்."

முதல் துளி பாறையில் விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. குன்றின் மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்.

"சாமி, மேல வாங்க! தண்ணி எறங்குது!"

சற்குணம் சேற்றில் குப்புறப் படுத்தார். வலக்கையைத் தோள்வரை பொந்துக்குள் விட்டார். கல் தட்டுப்பட்டது. சேறு. மறுபடி கல். பழுப்புத் தண்ணீர் பாறை வழியாக இறங்கி அவர் முதுகில் மோதியது.

"விட்டுடுங்க! ஒண்ணுதானே!"

ஒன்று. அவர் கன்னத்தைப் பாறையோடு அழுத்திக்கொண்டு இன்னும் ஓர் அங்குலம் கையை நீட்டினார். வழுவழுப்பாக ஏதோ நகர்ந்தது. தாடை. விரலை உள்ளே கொடுத்து இறுக்கினார். அது திரும்பியது. முள் பழைய காயத்திலேயே இறங்கியது. அவர் கத்தினார். கையை விடவில்லை.

எத்திராசு அவர் காலைப் பிடித்து இழுத்தான். மனிதனும் மீனும் சேர்ந்து வெளியே வந்தார்கள்.

கை நீளத்துக்கு இருந்தது. வயிறு உருண்டிருந்தது. அழுத்தின இடத்தில் பச்சை நிறத்தில் முட்டைகள் பிதுங்கின. ஆயிரக்கணக்கில்.

மீன் வாயைத் திறந்து மழையையும் காற்றையும் விழுங்கியது. அதன் சின்னக் கண் அவரைப் பார்த்ததா என்று அவருக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்தார். மன்னிச்சுக்கோ என்றார். கொம்பை ஓங்கினார்.

ஒரே அடி.

*

மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுச் சட்டென்று விட்டது.

சுனை விளிம்புவரை நிறைந்திருந்தது. வடிவாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஓடைக்கு வழிந்துகொண்டிருந்தது. எத்திராசு அங்கே குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"தண்ணி மட்டும்தான் போவுது," என்றான்.

சற்குணம் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செத்த மீன். உள்ளங்கையிலிருந்து ரத்தம் மழைத்தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்தார். ஒன்பது நாளில் அப்போதுதான் அழுதார்.

அம்மா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் பானை. அதன் வாயை முந்தானையால் மூடியிருந்தார். உள்ளே பதினேழு சுனைக்கெண்டைகள்.

சற்குணம் தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, காப்பாத்தறேன்னு நினைச்சு சுனைக்கெண்டைங்கள அழிச்சேன். இப்ப கெளுத்திங்களையும் கொன்னு குவிச்சுட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஒளிக்காம சொல்லுங்க. நான் செஞ்சது பாவமா, புண்ணியமா? எனக்கு மன்னிப்பு உண்டா, இல்லையா?"

அம்மா படிக்கு மேலே நின்றார். பானையின் உள்ளே ஏதோ துள்ளிய சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க ஐயா," என்றார். "மீன் விடணும்."